தலைவர் வீட்டுப் பை

மந்தைவெளி பன்னீர் குறுக்குத் தெருவின் முகப்பில் ஒரு பலகை உண்டு. 'குப்பையை நூறு சதவீதம் தரம் பிரிக்கும் தெரு' என்று பச்சை எழுத்தில் எழுதி, கீழே குடியிருப்போர் சங்கத் தலைவர் ஸ்ரீரங்கனின் படத்தைப் போட்டிருந்தார்கள். படத்தில் அவர், நம் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பெருங்கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பியிருந்தார். பலகையில் இருந்தது பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அந்தத் தெருவின் குப்பை நூறு சதவீதம் தரம் பிரிக்கப்பட்டுத்தான் வந்தது. பிரித்தவள் சொர்ணம்.

மொத்தம் நாற்பது வீடு. நாற்பதுக்கும் பச்சைக் கூடை ஒன்று, நீலக் கூடை ஒன்று சங்கமே வாங்கிக் கொடுத்திருந்தது. மக்குகிற குப்பைக்குப் பச்சை, மக்காததற்கு நீலம். பச்சைக் கூடைகளில் பெரும்பாலும் துளசி வளர்ந்தது. நீலக் கூடைகளில் வெங்காயம் இருந்தது. குப்பை மட்டும் எப்போதும்போல ஒரே பையில், கழுத்தை இறுக்கிக் கட்டியபடி வாசலுக்கு வந்தது. சொர்ணம் பைகளை வாங்கிப் பேட்டரி வண்டியில் போட்டுக்கொண்டு தெருக்கோடி டிரான்ஸ்பார்மர் பக்கம் ஓரங்கட்டுவாள். ஒவ்வொன்றாக அவிழ்த்து, வடித்த சோறு ஒரு பக்கம், பால் கவர் ஒரு பக்கம் என்று ஒன்றரை மணி நேரம் பிரிப்பாள். ஆறு வருடமாக இதுதான்.

இந்த ஆறு வருடத்தில் அவளுக்குத் தெரியவந்த சங்கதிகள் கொஞ்சமல்ல. தெருவின் வாட்ஸப் குழுவை நடத்தும் சிந்து, வரகும் சாமையும் தவிர வேறெதையும் வீட்டுப்படி ஏறவிடுவதில்லை என்று குழுவில் தினமும் எழுதுவாள். அவள் வீட்டுப் பையில் வாரத்துக்கு மூன்று பீட்சா அட்டை வரும். பதினேழாம் நம்பர் யோகா ஆசிரியரின் மூச்சுப் பயிற்சிக்குச் சிகரெட் பெட்டிகள் துணை நின்றன. மாடித் தோட்டத்துக் கத்தரிக்காய் என்று ஊருக்கெல்லாம் படம் அனுப்பும் வீட்டில் சூப்பர் மார்க்கெட் ஸ்டிக்கர். சொர்ணம் எதையும் எவரிடமும் மூச்சு விட்டதில்லை. பிரித்துப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள்.

அந்தத் திங்கட்கிழமை சூப்பர்வைசர் புகழேந்தி பைக்கை நிறுத்தினான்.

"அக்கா, வெள்ளிக்கிழமை ஆய்வு. புது விதி வந்துகீது. பெரிய மேடம் ஒருத்தங்க வர்றாங்க. வாசல்லயே வந்து பாப்பாங்களாம்."

"வாசல்ல எதுக்கு? என் வண்டியாண்ட வரச் சொல்லு. தங்கமாட்டம் பிரிச்சுக் காட்றேன்."

"நீ பிரிக்கக் கூடாதுக்கா. அவங்கதான் பிரிக்கணும். அதான் சட்டம்."

"இத்தினி நாளா சட்டம் இன்னா பண்ணிக்கினு இருந்துச்சாம்?"

புகழேந்தி குரலைத் தாழ்த்தினான். "எண்பது மார்க்குக்குக் கீழ வந்தா அந்தத் தெரு ஆள மாத்திருவாங்க. உன்ன ஈக்காட்டுத்தாங்கலுக்குப் போட்டு லிஸ்ட் ரெடியா கீது."

"வூட்டுக்காரன் பிரிக்கலன்னா என்னிய ஏன்டா மாத்துறாங்க?"

"வூட்டுக்காரன மாத்த முடியாதுல்லக்கா."

சொர்ணத்தின் பழைய வீடு கால்வாய் ஓரத்தில், இந்தத் தெருவுக்கு நடந்து வரும் தூரத்தில் இருந்தது. கால்வாயை அழகுபடுத்தியபோது அவர்களைப் பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். விடிவதற்கு முன் அங்கிருந்து மந்தைவெளிக்கு ஒரே ஒரு பஸ் நேராக வருகிறது. ஆறரைக்கு வருகைப்பதிவுக் கருவி முன்னால் முகத்தைக் காட்ட வேண்டும். ஐந்து நிமிடம் பிந்தினால் அரை நாள் போயிற்று. ஈக்காட்டுத்தாங்கலுக்கு என்றால் பஸ் மாறவேண்டும், இரண்டாவது பஸ் வந்தால் வரும். வீடு ஒரு மூலைக்கும் வேலை ஒரு மூலைக்கும் போன பிறகு, இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது அந்த ஒரு பஸ்தான்.

செவ்வாய்க்கிழமை தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றாள். ஸ்ரீரங்கன் வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். மகள் ஜூரிச்சில் இருக்கிறாள். போன கோடையில் அங்கே இரண்டு மாதம் இருந்து, குப்பைத்தொட்டிகளை விதவிதமாகப் படம்பிடித்துக்கொண்டு வந்திருந்தார்.

"சொர்ணம், ஜூரிச்ல குப்பைங்கறது ஒரு பண்பாடு, தெரியுமோ? அங்க ஒரு பாட்டில போடறதுக்கு மனுஷா அரை மணி வரிசையில நிக்கறா."

"நம்ம தெருவுலயும் கொஞ்சம் சொல்லுங்க சார். வெள்ளிக்கெழம மேடம் வர்றாங்க."

"சர்குலர் போட்டாச்சே! ரெண்டு பக்கம். எல்லாரும் படிச்சிருப்பா."

எல்லாரும் என்ன செய்தார்கள் என்று சொர்ணத்துக்குத் தெரியும். சர்குலர் முப்பது வீட்டுப் பைகளில் காப்பித் தூளோடு வந்திருந்தது.

"உங்க வூட்லயும் பிரிச்சுக் குடுத்தா மத்தவங்களும் பாத்து..."

"எங்காத்துல நானே என் கையால பையைக் கட்டி வைக்கறேன். இதுக்கு மேல ஒரு தலைவர் என்ன பண்ணணும்?"

அது உண்மை. "இவர் ஒரு துரும்பை நகர்த்த மாட்டார், குப்பைப் பையை மட்டும் யாரையும் தொட விடமாட்டார்" என்று அவர் மனைவியே பெருமையாகச் சொல்வாள். காரணம் சொர்ணத்துக்குத் தெரியும். ஸ்ரீரங்கனுக்குச் சர்க்கரை முந்நூறைத் தொட்டதும் மாமி வீட்டில் இனிப்பை ஒழித்துவிட்டாள். அன்றுமுதல் வாரம் இரண்டு முறை, மைசூர்பாகு வந்த மஞ்சள் அட்டைப்பெட்டி ஒன்று, நாலாக மடித்து, செய்தித்தாளில் சுற்றி, கீரைத்தண்டுக்கு அடியில் புதைத்து வரும். நீலக் கூடையைத் திறந்து வைத்தால் மஞ்சள் பெட்டி மாமியின் கண்ணில்தான் முதலில் படும். தெரு முனையில் போடலாம் என்றால், அங்கே குப்பை கொட்டுவோரைப் பிடிக்கக் கேமரா வைத்தவரே அவர்தான். ஆக, தரம் பிரிக்கவே முடியாத நிர்ப்பந்தத்தில் இருந்தது அந்தத் தெருவில் ஒரே ஒரு வீடு.

புதன்கிழமை காலை சொர்ணம் சிந்துவிடம் சொல்லிப் பார்த்தாள்.

"ஐயோ அக்கா, எனக்கு பத்து மணிக்கு மீட்டிங். இதெல்லாம் பிரிச்சிட்டு உக்காந்திருக்க முடியுமா?"

"பரவால்ல மேடம். பிரிக்காத பைய அந்தப் பெரிய மேடமே வாசல்ல கொட்டி, இன்னின்ன கீதுன்னு வூட்டு நம்பர் போட்டு எழுதிப்பாங்களாம். நமக்கு வேல மிச்சம்."

சிந்துவின் கையிலிருந்த கோப்பை பாதி வழியில் நின்றது. "எழுதுவாங்களா?"

"போட்டோவும் உண்டாம்" என்றாள் சொர்ணம். போட்டோ அந்த நிமிடம்தான் அவளுக்குத் தோன்றியது.

மதியத்துக்குள் வாட்ஸப் குழுவில் அந்தப் போட்டோக்கள் இணையத்திலும் ஏறப்போவதாயிற்று. சாயங்காலத்துக்குள் ஒரு டிவி சானலும் வருவதாயிற்று. இத்தனைக்கும் காரணமானவள் பெரும்பாக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலை அவள் வண்டியோடு தெருவுக்குள் நுழைந்தபோது தெரு மாறியிருந்தது. துளசிகள் தொட்டிக்குப் போயிருந்தன, வெங்காயம் சமையலறைக்கு. வாசலுக்கு வாசல் பச்சையும் நீலமும் ஜோடியாக நின்றன. பால் கவர்களைக் கழுவி, கொடியில் கிளிப் போட்டு உலர்த்தியிருந்தார்கள். தேங்காய் நாரைக்கூட ஒரு வீட்டில் சீவிக் கட்டி வைத்திருந்தார்கள். யோகா ஆசிரியர் பால்கனியில் நின்று வெறும் வாயை மென்றுகொண்டிருந்தார். தலைவர் வீட்டிலும் இரண்டு கூடை. அன்றைய மஞ்சள் பெட்டியை அவர் தன்னுடைய அலுவல் அறையில், 'திடக்கழிவு' என்று எழுதிய கோப்புக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருப்பார் என்று சொர்ணம் யூகித்தாள்.

நாற்பதுக்கு நாற்பது. டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் பிரிக்க ஒன்றுமில்லாமல், ஆறு வருடத்தில் முதல்முறையாக அவள் டீயைச் சூடாகக் குடித்தாள்.

புகழேந்தி வந்து பார்த்து வாயைப் பிளந்தான். "சூப்பர்க்கா! நூறு மார்க் கன்ஃபார்ம். உனக்கு சால்வை, சான்றிதழ் எல்லாம் உண்டு."

"வேற இன்னா உண்டு?"

"நூறு வாங்குன தெரு ஆள முன்மாதிரிப் பணியாளர்னு அறிவிச்சு, மோசமான தெருவுக்கு அனுப்புவாங்க. மத்தவங்களுக்குக் கத்துக் குடுக்கணும்ல?"

"எந்தத் தெருவுக்கு?"

புகழேந்தி காலால் தரையைத் தேய்த்தான். "ஈக்காட்டுத்தாங்கலுக்கு."

"டேய், எண்பதுக்குக் கீழ போனாலும் ஈக்காட்டுத்தாங்கல், நூறு வாங்குனாலும் ஈக்காட்டுத்தாங்கலா?"

"அங்கதான்க்கா ஆள் இல்ல."

அவன் போன பிறகு மீதி டீ ஆறிப்போய்விட்டது. ஒரே ஒரு வீடு தவறினால் போதும், நூறும் வராது, எண்பதுக்குக் கீழேயும் போகாது. ஆனால் எந்த வீட்டில் போய், நாளைக்கு மட்டும் கலந்து வையுங்கள் என்று சொல்வது? சொன்னாலும் கேட்பார்களா? அவ்வளவு நன்றாகப் பயமுறுத்தியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஆறரைக்கு முகத்தைக் காட்டிவிட்டு வந்தவள், டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் யாரோ நிற்பதைப் பார்த்தாள். ஸ்ரீரங்கன். பட்டுக்கரை வேட்டி, நெற்றியில் ஸ்ரீசூர்ணம், கையில் கழுத்தை இறுக்கிக் கட்டிய பை.

"சொர்ணம், இந்தப் பையை மட்டும் நீ யாருக்கும் தெரியாம எடுத்துண்டு போயிடணும்."

"இன்னா சார் கீது அதுல?"

"ஒண்ணுமில்லை. பழைய பேப்பர்." பிறகு தானாகவே சொன்னார். "அந்த மேடம் எங்காத்து ஆபீஸ் ரூம்ல உக்காந்துதான் காப்பி சாப்பிடப் போறா. அதுக்காக அந்த ரூமை ஒழிக்கப் போறேன்னு இவ விடிகாலமே கிளம்பிட்டா. அதான் அவசரமா..."

"ஒரு டப்பாவா, ரெண்டா சார்?"

ஸ்ரீரங்கனின் முகம் பலகையில் இருப்பதைப்போல அசையாமல் நின்றது.

"ஆறு வருசமா அந்த மஞ்ச டப்பாவ நான்தான் பிரிக்கிறேன். யாரண்டயாவது சொல்லிருப்பனா? சொல்லுங்க."

"...ரெண்டு" என்றார் மெதுவாக.

"இத்த நான் எடுத்துக்கினா உங்க வூடும் பாஸு. தெரு நூறு. என்னிய நாளைக்கே ஈக்காட்டுத்தாங்கலுக்குத் தூக்கிருவாங்க." பஸ் விஷயத்தை அவரிடம் நாலே வார்த்தையில் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். பெரும்பாக்கம் எந்தத் திசையில் இருக்கிறது என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை, ஆனாலும் தலையாட்டினார்.

"அதனால?"

"அதனால கூடய உள்ள எடுத்துக்கினு, பைய கட்டினபடியே உங்க வாசல்ல வெச்சிருங்க. யாரும் தொறக்கமாட்டாங்க."

"தொறந்து எழுதுவான்னு குரூப்ல..."

"அது நான் வுட்ட கத சார்."

ஸ்ரீரங்கன் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "அப்போ தெருவிலேயே எங்காத்துப் பை ஒண்ணுதான் பெயில். தலைவராத்துப் பை. நன்னாருக்கா இது?"

"பெயிலானா மேடம் ஒரு கோடு போடுவாங்க, அவ்ளோதான். மாமி பாத்தா?"

மாமி பார்த்தால் என்ன ஆகும் என்று அவர் யோசித்தது முகத்தில் தெரிந்தது. பையைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

எட்டு மணிக்கு மேடம் வந்தார். பின்னால் புகழேந்தி, அவனுக்குப் பின்னால் கையில் பூச்செண்டோடு சிந்து. வீட்டுக்கு வீடு குனிந்து பார்த்து, டிக் போட்டுக்கொண்டே வந்த மேடத்தின் பேனா பதினோராம் நம்பர் வாசலில் நின்றது. பச்சையுமில்லை, நீலமுமில்லை. கழுத்தைக் கட்டிய ஒரு பை.

"இது யார் வீடு?"

புகழேந்தி இருமினான். "தலைவர் வீடு மேடம்."

ஸ்ரீரங்கன் முன்னால் வந்து கைகூப்பினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேடம், இது நான் தெரிஞ்சே வெச்சது. தெரு பூரா மாறினப்பறம்தான் தலைவன் மாறணும். மொதல்ல நான் மாறிட்டா மத்தவா என்னைப் பாத்துத்தான் மாறினான்னு ஆயிடும். மாற்றங்கறது தானா வரணும். ஜூரிச்ல பாத்தேள்னா..."

சிந்து கண் கலங்கிக் கை தட்டினாள். மேடம் பதினொன்றுக்கு நேரே ஒரு கோடு போட்டார். தொண்ணூற்றேழரை என்று எழுதிக்கொண்டு, வாருங்கள், காப்பி சாப்பிடலாம் என்று யாரோ அழைக்க, உள்ளே போனார்.

சொர்ணம் பையை எடுக்கக் குனிந்தபோது மாமி வாசலுக்கு வந்தாள்.

"அதை அவுக்காம அப்படியே எடுத்துண்டு போயிடு சொர்ணம். பாவம், ரொம்ப நாளா இப்படித்தான் ஒளிச்சிண்டிருக்கார்."

சொர்ணம் நிமிர்ந்து பார்த்தாள்.

"ரூமை ஒழிக்கப் போறேன்னு சொன்னாத்தான் அவரா எடுத்து வெளியில வைப்பார். அந்த ஃபைலுக்குப் பின்னாடி எறும்பு தாங்கலை" என்றாள் மாமி. "மாத்திரையை நான்தான் ஒண்ணு கூட்டிக் குடுத்துண்டிருக்கேன், டாக்டர்கிட்ட கேட்டுண்டு. அவர்கிட்ட சொல்லிடாதே. பேச்சு நின்னுபோயிடும் அவருக்கு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே ஜூரிச் ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை சொர்ணம் அதே பஸ்ஸில் வந்து இறங்கினாள். தெருவில் பாதிக்கு மேல் பைகள் பழையபடி கழுத்தைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டன. ஒரு பச்சைக் கூடையில் துளசி திரும்பியிருந்தது. முகப்பில் ஒரு பெயிண்டர் ஏணிமேல் நின்று பலகையில் எழுதிக்கொண்டிருந்தான். கீழே ஸ்ரீரங்கன். 'நூறு சதவீதம்' என்பதற்கு முன்னால் இருந்த இடுக்கில் 'ஏறத்தாழ' என்ற வார்த்தை பொடி எழுத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

அவளைப் பார்த்ததும் அவர் பலகையைப் பார்த்தார். வண்டி தாண்டிப் போகும்போது தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"ஏன் சொர்ணம், அந்த பஸ்ஸெல்லாம் ஒழுங்கா வர்றதோ?"

"வருது சார்" என்றாள் சொர்ணம்.