ஏழாங்கட்டைக்குப் போகச் சம்மதமா

எங்கள் தோட்டப் பள்ளியை மெயின் ரோட்டில் ஏழாவது மைலில் இருக்கும் ஏழாங்கட்டைப் பள்ளியோடு சேர்க்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நான்தான் முதலில் சண்டைக்குப் போனேன். கிள்ளானுக்கும் காப்பாருக்கும் நடுவில் இருந்த ரப்பர்த் தோட்டம். எண்பத்தாறாம் வருஷம். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் எனக்கு வாயாடி என்று பெயர். இருக்கட்டும். காலை இழுத்து இழுத்து நடக்கும் பெண்ணைப் பெற்றவள் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா?

சந்திரகலாவுக்கு மூன்று வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிவிட்டது. பள்ளிக்கூடம் லயத்துக்குப் பின்னாலேயே இருந்ததால்தான் அவள் படித்தாள். விடியும் முன்னே நானும் அவள் அப்பாவும் பெரட்டுக்குப் போய்விடுவோம். அங்கே பெயர் கொடுத்தால்தான் அன்றைக்கு வேலை. அவளே எழுந்து, சட்டை மாட்டி, வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டே வகுப்புக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாள். ஏழாங்கட்டைக்குப் பிள்ளைகளைத் தோட்டத்து லோரியில் அனுப்புவார்களாம். எல்லோரும் நின்றுகொண்டே போக வேண்டும். அதில் இவள் எப்படி ஏறுவாள், ஏறினாலும் எந்தக் காலால் நிற்பாள் என்று தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் கேட்டேன்.

"ஒரு புள்ளைக்காகத் தனியா காடி விட முடியுமா லா, வள்ளியம்மா?" என்றார்.

பெற்றோர் கூட்டத்தில் நாங்கள் எல்லோரும் வேண்டாம் என்றோம். கிள்ளானிலிருந்து வந்த அதிகாரி நல்ல மனிதர்தான். படிக்கப் போவது பிள்ளைகள், அவர்களையும் ஒரு வார்த்தை கேட்போம், அவர்கள் வேண்டாமென்றால் நான் பள்ளியை மூடச் சொல்ல மாட்டேன் என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எந்தப் பிள்ளை போகிறேன் என்று சொல்லும்? அன்று சாயந்திரமே கலாவைக் கேட்டுப் பார்த்தேன்.

"நான் போமாட்டேம்மா. கோமதி டீச்சர விட்டுட்டு எங்கயும் போமாட்டேன்."

ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

கோமதி டீச்சர் அழுக்கோடு வரும் பிள்ளையைக் குழாயடியில் குளிப்பாட்டி உட்கார வைப்பவர். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை தெரியாது என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது, அதில் அவருக்கு ஒரு வெறி. வெளியாள் வந்தால் எல்லோரும் எழுந்து கைகட்ட வேண்டும். எது கேட்டாலும் ஒரே குரலில் "யா, துவான்" என்று மலாயில் 'ஆமாம் ஐயா' போட வேண்டும். பல் டாக்டர் வந்து பல்லைப் பிடுங்கலாமா என்றாலும் யா, துவான்தான். நாங்களே அதைப் பார்த்துப் பூரித்திருக்கிறோம்.

அதிகாரி வந்தது பள்ளி விடும் நேரம். மேலெல்லாம் ரப்பர்ப் பால் நாற்றத்தோடு நாங்கள் வேலையிலிருந்து நேரே போய் வகுப்பின் அரைச்சுவருக்கு வெளியே நின்றோம். பிள்ளைகள் எழுந்து கைகட்டின. அவர் மலாயில், மெதுவாக, விளங்கும்படிதான் கேட்டார். இந்தப் பள்ளியை மூடிவிட்டு நீங்கள் எல்லோரும் ஏழாங்கட்டைக்குப் போகச் சம்மதமா?

"யா, துவான்."

ஒரு குரல் பிசகவில்லை. சொல்லிவிட்டு எல்லாம் கோமதி டீச்சரைப் பார்த்துச் சிரித்தன, நன்றாகச் சொன்னோமே என்று. டீச்சர் முகம் செத்துப்போயிற்று.

பழக்கத்தில் சொல்லிவிட்டார்கள் துவான், தனியாகக் கேட்டுப் பாருங்கள் என்று அவர் கெஞ்சினார். அதிகாரி மறுக்கவில்லை. முன்பெஞ்சில் நின்ற கலாவிடம் குனிந்து, நீ சொல்லம்மா, போக உனக்கு விருப்பமா என்றார். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். டீச்சரைப் பார்த்தாள்.

"வேணாம்னு சொல்லு கலா," என்று வெளியிலிருந்து கத்தினேன்.

அதிகாரி கையைக் காட்டி என்னைத் தடுத்தார். பிள்ளையே சொல்லட்டும் என்றார். நியாயம்தானே, யார் குறை சொல்வது?

நான் கத்தியதில் கலா பயந்துபோனாள். பயத்தில் வாயில் என்ன வரும், பழகியதுதான் வந்தது. "யா, துவான்." மற்றவர்களைவிடச் சத்தமாகவே சொன்னாள். அவர் அவள் தலையைத் தடவிக் கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு நடக்கும்போது என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர் ஏம்மா அழுவுறாங்க? நான் சரியாத்தானே சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்ன," என்று அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

ஜனவரியில் லோரி வந்தது. பெரட்டுக்குப் பிந்திப் போய்த் திட்டு வாங்கினாலும் பரவாயில்லை என்று முதல் வாரம் நானே அவளைத் தூக்கி ஏற்றினேன். ஒருநாள் லோரிக்குள்ளேயே விழுந்து நெற்றியைப் பிளந்துகொண்டு வந்தாள். அதோடு நிறுத்திவிட்டேன். வேறு என்ன செய்ய? வேலைக்குப் போகும் தாய்மார்கள் குழந்தைகளை விட்டுப் போகும் ஆயாக் கொட்டகையில் தொட்டில் ஆட்ட அனுப்பினேன். ஒன்பது வயது அவளுக்கு.

ஒரு மத்தியானம் கூட்டிப்போக வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே பேசத் தெரிந்த வாண்டுகளைக் கலா வரிசையாக நிற்க வைத்திருந்தாள். கையில் குச்சி. முந்தானை மாதிரி ஒரு துண்டு. கோமதி டீச்சரேதான்.

"யாரு என்னா கேட்டாலும் யா யான்னு சொல்லக்கூடாது. புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லணும். வெளங்குதா?"

"யா, டீச்சர்," என்றன அத்தனையும்.

"அப்படி இல்ல," என்று அவள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். கொட்டகைச் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.