வீரபாண்டி போட்ட இரும்புச் சட்டை

1

இந்தக் கதை ஒரு பச்சை நைலான் கயிற்றில் தொடங்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வண்டன்மேட்டில் ஏலத்தோட்டங்களுக்கு நடுவே ஒரு ரிசார்ட். போன மாதம் அங்கே தங்கப் போயிருந்தேன். வரவேற்பறையில் ஐரோப்பியப் போர்வீரனின் இரும்புக் கவசம் ஒன்று, தலை முதல் கால் வரை முழுசாக, உள்ளே ஆளில்லாமல் நின்றது. மார்புத் தகட்டையும் முதுகுத் தகட்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது மட்டும் மூட்டை கட்டுகிற பச்சை நைலான் கயிறு. ஏன் என்று கேட்டேன்.

சமையற்கட்டைப் பார்த்துக்கொள்ளும் மாரித்தாய், "தோல்வார நாந்தேன்க்கா அறுத்தேன்" என்றாள்.

அதற்கப்புறம் எழுதாமல் இருக்க முடியுமா?

2

முதல் தொடக்கம்: "உடும்பஞ்சோலை மலைகளின் மேல் மூடுபனி வெண்பட்டாக—"

விட்டுவிட்டேன். சம்பவம் நடந்தது நல்ல வெயிலில்.

இன்னொரு தொடக்கம்: "ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாவீரன்—"

இதுவும் பொய். ஒரு வீரன் இல்லை, பல பேர். ரிசார்ட் முதலாளி ஜோமோன் ஜெர்மனியில் வேலை பார்த்தபோது பழம்பொருள் சந்தைகளில் துண்டு துண்டாகப் பொறுக்கியது இது. தலை ஒரு நாட்டுக்காரனுடையது, மார்பு வேறொருவனுடையது, இரண்டு கைகளுக்கும் ஒன்றையொன்று தெரியாது. இடது கால் இல்லவே இல்லை. பழைய உலோகப் பொருள்களைச் சீர்செய்யும் நிமி கொச்சியிலிருந்து வந்து, துருவை எடுத்து, இடது காலைப் புதிதாகச் செய்து, வார் மாட்டி நிறுத்தினாள். "இது பார்க்கத்தான் சார், போட்டுக்க இல்லை" என்று ஜோமோனிடம் சொல்லவும் செய்தாள்.

(மாரித்தாயும், இந்தக் கவசத்தைப் போடப்போகிற வீரபாண்டியும்கூட இப்படி வெவ்வேறு இடத்துத் துண்டுகள்தான் என்று இங்கே ஒரு வரி இருந்தது. அடித்துவிட்டேன். எனக்கு உவமை தேவைப்படுகிறது என்பதற்காக அவர்கள் வாழவில்லை.)

3

வீரபாண்டி ரிசார்ட்டின் ஜீப் டிரைவர். வாசல் நிலை இடிக்கிற உயரம். மனைவி இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. மாரித்தாயும் கணவனை இழந்தவள். மகள் மதுரையில் கல்லூரியில் படிக்கிறாள்.

ரிசார்ட்டின் திறப்பு விழாவுக்குச் சில வாரங்கள் முன்பு, ஜீப்பிலிருந்து காய்கறி இறக்கும்போது வீரபாண்டி கேட்டுவிட்டார்: "நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன?"

மாரித்தாய் கையிலிருந்த முட்டைக்கோசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது வாடிக் கெடக்கு. வேற வாங்கிட்டு வாங்க."

அவர் போய் வேறு வாங்கி வந்தார்.

(முதல் வரைவில் வீரபாண்டியை 'அவன்' என்று எழுதியிருந்தேன். போனில் படித்துக் காட்டியபோது மாரித்தாய் நிறுத்தினாள்: "அவுகள அவன் இவன்னு எழுதாதீக." அதனால்தான் கதை முழுக்க 'அவர்'.)

4

திறப்பு விழா. கவசம் போட்ட வீரன் வாசலில் குனிந்து விருந்தாளிகளை வரவேற்க வேண்டும் என்பது ஜோமோனின் யோசனை. உயரத்துக்கு வீரபாண்டிதான் பொருத்தம். நிமி தடுத்தாள்: முகத்தகடும் கொக்கியும் வேறு வேறு தலையிலிருந்து வந்தவை, சிக்கிக்கொள்ளும். "கொஞ்ச நேரம்தானே" என்றார் ஜோமோன்.

வீரபாண்டி மறுத்திருக்கலாம். ஏன் மறுக்கவில்லை என்று அவரிடமே கேட்டேன்.

"அது சமையக்கட்ட விட்டு வெளிய வந்து பாக்கும்ல" என்றார்.

வந்து பார்த்தாள். சிரித்தாள். வெயில் ஏறியது. ஒரு வேன் வந்து நின்றது. வீரபாண்டி குனிந்தார், முகத்தகடு தானாக விழுந்து மாட்டிக்கொண்டது. கொக்கி அசையவில்லை. உள்ளே மூச்சு முட்டியது. மார்பில் தட்டினார். இரும்பில் இரும்பு மோதும் சத்தம் கேட்டு விருந்தாளிகள் கைதட்டினார்கள். பிறகு அப்படியே மல்லாந்து விழுந்தார். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

மாரித்தாய் காய் நறுக்கும் கத்தியோடு ஓடினாள்.

"முறிக்கல்லே மாரி, அறுக்காதே! ஐந்நூறு வருஷப் பழசு!" என்று ஜோமோன் கத்தினார்.

"வார் புதுசு சார், கோட்டயத்துல நான் வாங்கினது!" என்று நிமி அதைவிடச் சத்தமாகக் கத்தினாள், அத்தனை விருந்தாளிகள் முன்னாலும். "அறுங்க சேச்சி!"

மார்பு வாரை அறுத்தாள். தாடை வாரை அறுத்தாள். தலைக்கவசத்தை அவளும் நிமியுமாக இழுத்துக் கழற்றினார்கள். வீரபாண்டியின் உதடு கறுத்திருந்தது. மாரித்தாய் தண்ணீரை முகத்தில் அடித்தாள், கன்னத்தில் தட்டினாள், மறுபடி தட்டினாள். கண் திறந்தது.

"நான் பதில் சொல்றதுக்கு முன்னாடி செத்துப்போகப் பாத்தீகளா?"

வீரபாண்டி மூச்சு வாங்கினார். "அப்பச் சொல்லு."

அவள் சொல்லவில்லை. அழுதாள். ஜீப் ஓட்டுகிறவரே படுத்துவிட்டதால் ஜோமோன் ஓட்டினார். இடது காலைக் கழற்ற நேரமில்லை; கட்டப்பனை ஆஸ்பத்திரிக்கு வீரபாண்டி ஒற்றை இரும்புக் காலோடுதான் போனார்.

5

முடிவு அ: ஆஸ்பத்திரிக் கட்டிலருகே மாரித்தாய் சம்மதம் சொல்கிறாள்.

முடிவு ஆ: மகளை நினைத்து மறுக்கிறாள்.

முடிவு இ: ஜோமோன் திருந்தி—

வேண்டாம். நடந்தது இவ்வளவுதான்: வீரபாண்டி நலமாகத் திரும்பினார். ஜோமோன் அவரிடம் கண்கலங்கி மன்னிப்புக் கேட்டார். ஜீப் மறுபடி ஓடுகிறது, காய்கறி இறங்குகிறது. அந்தப் பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

நேற்று மாரித்தாய்க்கு முடிவு 'அ'வைப் படித்துக் காட்டினேன்.

"நல்லாத்தேன் இருக்கு."

"அப்ப இதுதான் உன் பதிலா?"

"அவுகளுக்கே நான் இன்னும் சொல்லலக்கா. ஒங்க புஸ்தகத்தப் பாத்துத்தேன் அவுக தெரிஞ்சுக்கணுமாக்கும்?"

"எப்பத்தான் சொல்லுவே?"

"ஞாயித்துக்கெழம மக வருது. மொதல்ல அதுகிட்டப் பேசணும். பெறகு அவுககிட்டச் சொல்லிருவேன். அதுவரைக்கும் பேனாவ மூடி வைங்க."

இன்று வெள்ளிக்கிழமை. மூடுகிறேன்.

நீங்கள் இதைப் படிக்கும்போது அந்த ஞாயிற்றுக்கிழமை போயிருக்கும். வீரபாண்டிக்குப் பதில் தெரிந்திருக்கும். வண்டன்மேட்டுப் பக்கம் உங்களுக்கு ஆள் யாராவது இருந்தால் விசாரித்துப் பாருங்கள். தெரிந்தால், எனக்கும் ஒரு போன்.