விளம்பரத்தில் வந்த வெர்சடைல்

ஈவ்லினுக்கு மாப்பிள்ளை தேடிப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்த அவள் அண்ணன் தயாளன், அவளைக் கேட்காமலேயே ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டான்: வெர்சடைல். எந்த இடத்துக்கும் எந்த வேலைக்கும் தன்னை மாற்றிக்கொள்ளக் கூடியவள் என்ற அர்த்தத்தில்தான். தாம்பரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்த ஈவ்லினுக்கு அதைப் படித்ததும் சிரிப்பு வந்தது.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அசரியா வந்தார். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். அவருடைய மகன் ஆரோனுக்குக் கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு இருவரும் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பொழிச்சலூரில் இருந்த ஈவ்லின் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

கேசரியை முடித்துவிட்டு அசரியா தொண்டையைச் செருமினார். அந்தச் சொல்லின் வேர் லத்தீனாம். திரும்புவது, சுழல்வது என்று பொருளாம். ஆங்கிலத்துக்கு வந்த புதிதில், அடிக்கடி மனம் மாறுகிற, ஒரு நிலையில் நில்லாத ஆளைத்தான் அப்படிச் சொன்னார்களாம். பல திறமை உள்ளவர் என்ற நல்ல பெயர் பிற்பாடுதான் ஒட்டிக்கொண்டதாம்.

தலைக்கு மேல் விமானம் ஒன்று இறங்கியது. சத்தம் அடங்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். அதற்குள் ஈவ்லினின் அம்மாவுக்கு முகம் வெளுத்துப்போனது. தயாளன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுல நீ எந்த அர்த்தம்மா?" என்று கேட்டார் அசரியா. கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டுக் கேளம்பாக்கம் வர முடியுமா என்றும் சேர்த்தே கேட்டார்.

ஈவ்லின் நிதானமாகவே பதில் சொன்னாள்.

"புதுசா எது வந்தாலும் கத்துக்குவேன் அங்கிள். லைப்ரரிய கம்ப்யூட்டருக்கு மாத்தினதே நான்தான். ஆனா வேலைய விடற விஷயத்துல மட்டும் என்னால திரும்ப முடியாது."

அதுவரை வாயே திறக்காத ஆரோன் தட்டைக் கீழே வைத்தான்.

"அப்ப நான் திரும்பிக்கறேன் டாடி. கம்பெனி பஸ் தாம்பரத்துலேர்ந்தே வருது."

அசரியா மகனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். தயாளன் இன்னொரு கரண்டி கேசரி வைத்தபோது அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மே மாதம் கல்யாணம் நடந்தது. தாம்பரத்தை அடுத்த சேலையூரில் வாடகைக்கு வீடு பிடித்தார்கள். பார்க்க வந்த அசரியா, அறை சின்னது, காற்று வரவில்லை, தண்ணீர் உப்பு என்று வரிசையாகக் குறை சொன்னார். சொல்லிவிட்டு, ஒரு வாரம் தங்கிவிட்டுத்தான் கிளம்பினார்.