வலது இருக்கைக்காரர்

சின்ன ஜெட் விமானத்தைத் துணை விமானி இல்லாமல் ஒற்றை ஆளாக ஓட்ட வேண்டுமென்றால் அதற்குத் தனித் தேர்வு உண்டு. தேர்வாளர் வலது பக்கம் உட்கார்ந்திருப்பார். அவர் அங்கே இல்லாத மாதிரியே ஓட்டிக் காட்ட வேண்டும். போன மாதம் சுடர்விழி அதில் கோட்டை விட்டாள். இன்று இரண்டாவது முறை. இதிலும் தவறினால், கிடைக்கவிருந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

ஓட்டத் தெரியாமல் ஒன்றும் தோற்கவில்லை. ஒவ்வொரு விசையையும் தொடும் முன்பு தேர்வாளர் ஜெக்கரியாவின் முகத்தை ஒருதரம் பார்த்தாள், அவ்வளவுதான். திருப்பனந்தாள் பக்கத்தில் ஊரார் வயல்களில் நடவு நட்ட ராசம்மாளின் மகள் அவள். பெரியவர்கள் தலையசைக்காமல் வரப்பை விட்டு இறங்காத வீடு. வயிற்றுப்பாட்டுக்காகப் பழகிய அந்தப் பணிவு, விமானத்திலும் கூடவே ஏறி வந்துவிட்டது. அவளுக்கே எரிச்சலாக இருக்காதா?

திருச்சியிலிருந்து கிளம்பினார்கள். கீழே கொள்ளிடம், அதையொட்டிச் சம்பாப் பயிரின் பச்சை. திரும்பி வரும்போது, இன்றும் வலது பக்கம் உட்கார்ந்திருந்த ஜெக்கரியா, ஓர் இன்ஜின் நின்றுபோன மாதிரி அதன் விசையைச் சொல்லாமல் கொள்ளாமல் பின்னுக்கு இழுத்தார். விமானம் ஒரு பக்கமாகத் திரும்பப் பார்த்தது. சுடர்விழி காலடியிலிருந்த பெடலை மிதித்து அதை நேராக்கினாள். அவர் பக்கம் திரும்பவில்லை.

ஓடுதளம் தெரிந்தது. அப்போதுதான் அவர் வெகு கனிவாகச் சொன்னார்: "உங்களுக்கு ஏகப்பட்ட வேலை இருக்கும்மா. சக்கரத்தை நான் இறக்கிடுறேன், நீங்க முன்னாடி பாருங்க."

சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். தலை நரைத்த மனிதர். உதவி செய்ய வருகிறார். சுடர்விழி ஓடுதளத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கையை எடுங்க சார். நான்தான் ஓட்டுறேன்."

குரல் உயரவில்லை. நீண்ட கை பின்வாங்கியது. சக்கரத்தை அவளே இறக்கினாள். அது இறங்கிவிட்டதைக் காட்டும் பச்சை விளக்குகள் எரிந்ததைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, விமானத்தை ஓடுதளத்தின் நடுக்கோட்டில் கொண்டுவந்து இறக்கினாள்.

விமானம் நின்றதும் ஜெக்கரியா சிரித்தார். "நான் கை நீட்டினதுதாம்மா பரீட்சையே. என்னைச் செய்ய விட்டிருந்தீங்கன்னா மறுபடி ஃபெயில். இப்ப பாஸ்."

அவளுக்குச் சந்தோஷம்தான். கூடவே ஒரு பயமும். 'கையை எடுங்க' என்பது, ஒரு பெரிய மனிதரைப் பார்த்து அவள் வீட்டில் யாருமே இதுவரை சொல்லாத வார்த்தை. 'தப்பா எடுத்துக்காதீங்க சார், மன்னிச்சிடுங்க' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வாயைக்கூடத் திறந்துவிட்டாள்.

"நன்றி சார்" என்று மட்டும் சொன்னாள்.