மணல்மூட்டையும் யோங்நானின் தொடையும்

1.

இந்தக் கதை ஒரு தொடைவலியிலிருந்து வந்தது. வலி என்னுடையதில்லை.

கிம்ஹே நகரில், இறைச்சிக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் ஓர் உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது. அதன் படிக்கட்டில் ஒரு பெண் பின்பக்கமாக இறங்கி வந்துகொண்டிருந்தாள். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஏணியில் இறங்குகிறவள் மாதிரி. ஒவ்வொரு படிக்கும் வாய்க்குள்ளேயே ஒரு கெட்ட வார்த்தை. வழிவிட்டு ஒதுங்கியபோதுதான் முகம் தெரிந்தது. பியோ யோங்நான். முன்பு நான் வேலை பார்த்த கிம்ச்சி ஊறுகாய்த் தொழிற்சாலையில் உப்பில் ஊறிய முட்டைக்கோஸ் பெட்டிகளைத் தூக்குகிறவள்.

"என்னக்கா, விழுந்துட்டீங்களா?"

"விழுந்திருந்தாக்கூட பரவாயில்ல தம்பி. காசு குடுத்து உட்கார்ந்து எந்திரிச்சேன்."

வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது: யோங்நானின் உடல் அவளிடம் ஏதோ சொல்ல முயன்றது, நாற்பத்தாறு வருட மௌனத்துக்குப் பிறகு அது

[இல்லை. உடல் எதுவும் சொல்லவில்லை. வலித்தது. மறுநாள் கழிப்பறையில் உட்காரச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.]

2.

அவளுக்கு என்ன வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நகராட்சித் துப்புரவு வேலை. (இந்த இடத்தில் நான் முதலில் 'குப்பை அள்ளும் வேலை' என்று எழுதியிருந்தேன். படித்துக் காட்டினபோது, "நகராட்சி வேலைன்னு எழுது. குப்பையை எல்லாரும்தான் அள்றோம், சம்பளம் யாரு குடுக்கறாங்கிறதுதான் விஷயம்" என்றாள். திருத்திவிட்டேன்.) அறுபது வயது வரை யாரும் கை வைக்க முடியாத வேலை. தொழிற்சாலையிலோ ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்களா என்று மேற்பார்வையாளன் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். அவள் தனி ஆள். முதுகு நின்றுபோனால் சோறு நின்றுபோகும்.

அந்த வேலைக்கு உடல்தேர்வு உண்டு. இருபது கிலோ மணல்மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கம்பம் வரை ஓடி, சுற்றித் திரும்பி வர வேண்டும். போன வருடம் யோங்நான் சிரித்துக்கொண்டே போனாள். உப்பு முட்டைக்கோஸ் பெட்டியும் கிட்டத்தட்ட அதே எடைதான். பதினோரு வருடமாக அதைத்தான் தூக்குகிறாள்.

கம்பத்தைச் சுற்றித் திரும்பியதும் முழங்கால் மடங்கியது. மூட்டை முதலில் விழுந்தது, பிறகு அவள்.

மறுநாள் உப்புத்தொட்டிக்குப் பக்கத்தில் சுன்தோக் கேட்டாள். சுன்தோக் அவளோடு ஜோடியாகப் பெட்டி தூக்குகிறவள், ஐந்து வயது மூத்தவள், வாய்க்குப் பூட்டு கிடையாது.

"ஏண்டி, இத்தனை வருஷம் இந்த எடையைத் தூக்கித் தூக்கிப் போட்ட. ஒரு மூட்டை மண்ணு உன்னை உட்கார வெச்சிருச்சா?"

3.

அந்தக் கேள்விதான் என்னை விடவில்லை. நான் சுமை தூக்குகிற வீட்டில் பிறந்தவன். என் அப்பா துறைமுகத்தில் சிமெண்ட் மூட்டை தூக்கினார். தூக்கினால் பலம் வரும் என்றால் அவர் யானை மாதிரி இருந்திருக்க வேண்டும். ஐம்பத்தைந்தில் அவருடைய கால்சட்டைக்குள் கால் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது.

இங்கே ஒரு நீண்ட விளக்கம் எழுதினேன். அதில் பாதியைக் கிழித்துவிட்டேன். மிச்சம் இதுதான். வேலையில் சுமையை நாம் முடிவு செய்வதில்லை. அதே எடை, அதே உயரம், அதே பக்கம். யோங்நான் இடுப்பு உயரத் தொட்டியிலிருந்து இடுப்பு உயர மேசைக்குத் தூக்கினாள். ஒரு நாளும் அதை வைத்துக்கொண்டு குந்தி எழுந்ததில்லை. அந்த எடைக்கு எவ்வளவு சதை தேவையோ அவ்வளவை உடம்பு முதல் வருடத்திலேயே கணக்குப் பார்த்துக் கொடுத்துவிட்டது. அதற்குமேல் கொடுக்க அதற்கு ஒரு காரணமும் இல்லை. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் தேய்மானம்.

பயிற்சியில் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள். நேற்று முடிந்ததைவிட இன்று சற்று அதிகம். பிறகு விட்டுவிடுகிறார்கள். சதை வளர்வது அந்த விட்டுவிடுகிற நேரத்தில், தின்று தூங்குகிறபோது. என் அப்பாவுக்கு அந்த நேரத்தை யாரும் கொடுக்கவில்லை.

(இந்தப் பத்தி கதையின் வேகத்தைக் கெடுக்கிறது. தெரியும். இது இல்லாமல் இந்தக் கதையை எழுத எனக்கு விருப்பமில்லை.)

4.

இப்போது ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். பயிற்சியாளர்.

முதல் வரைவில் அவர் நரைத்த தலையோடு, பழைய பளுதூக்கும் வீரராக, நிதானமாகப் பேசினார். பேசப் பேச எனக்கே எரிச்சல் வந்தது. உண்மையில் அது கு தாசோல் என்ற இருபத்தெட்டு வயதுப் பெண். வருகிறவர்களிடம் கோழி நெஞ்சுக்கறியின் பெருமை பேசிவிட்டு மேசைக்குக் கீழே டப்பா நூடுல்ஸ் தின்பாள். புதிய ஆள் சேர்ந்தால் அவளுக்குக் கமிஷன் உண்டு.

"அம்மா, முதல்ல எடை மாட்டாத இரும்புத் தண்டை மட்டும் தோள்ல வெச்சுப் பஸ்கி எடுங்க."

"அம்மாவா? உங்கம்மா வயசு என்ன?"

"சரி, அக்கா. இடுப்பைப் பின்னாடி தள்ளுங்க. நாற்காலி இருக்குன்னு நினைச்சுக்கங்க."

"பதினோரு வருஷமா நாற்காலியே பார்க்காத ஆளுகிட்ட நாற்காலியை நினைக்கச் சொல்ற."

தாசோல் சிரித்தாள், ஆனால் விடவில்லை. இன்னும் கீழே, இன்னும் கீழே என்றாள். அந்த ஆழத்துக்குப் போய் எழுந்தபோது யோங்நானின் தொடை நடுங்கியது. வெறும் இரும்புத் தண்டு அவள் தினமும் தூக்குகிற பெட்டி கனம்தான். தூக்கத் தெரிந்தவளுக்கு எழுந்து நிற்கத் தெரியவில்லை.

அடுத்த நாளும் வந்து நின்றாள். தாசோல் கதவிலேயே மறித்தாள்.

"இன்னைக்கு எதுக்கு வந்தீங்க? இன்னைக்கு ஓய்வு."

"ஓய்வெடுக்கவா காசு கட்டினேன்?"

"அதுக்கும் சேர்த்துத்தான். அக்கா, பயிற்சிக்கு மறுநாள் தொழிற்சாலைல பெட்டி தூக்காதீங்க. காய் நறுக்குற பக்கம் மாத்திக்குங்க. இல்லைன்னா ஏறுறதெல்லாம் எறங்கிரும்."

இதை அவள் எவ்வளவு சுலபமாகச் சொன்னாள் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். எனக்கு அந்த இடத்தில் அந்தப் பெண்மேல் கோபம் வந்தது. தொழிற்சாலையில் பெட்டி தானாக நகராது. ஒருத்தி தூக்கவில்லை என்றால் இன்னொருத்தி தூக்க வேண்டும்.

5.

அந்த இன்னொருத்தி சுன்தோக்.

யோங்நான் கேட்கவில்லை. கேட்பதற்காக வாயைத் திறந்து, மூடி, கையுறையைச் சரிசெய்து, மறுபடி திறந்தாள். (இதை நான் நான்கு வரிக்கு இழுத்திருந்தேன். சுருக்கிவிட்டேன்.) சுன்தோக்கே சொன்னாள்:

"போய் முள்ளங்கி நறுக்கு. உன் பங்கை நான் பார்த்துக்கறேன்."

"அக்கா, உங்க முதுகு..."

"என் முதுகு எங்க போகப் போகுது? எனக்குப் பின்னாடியேதான் இருக்கு. போடி."

குளிர்காலம் முடிகிற சமயம் அது தொடங்கியது. பயிற்சிக்கு மறுநாளெல்லாம் சுன்தோக் இரண்டு பேர் பங்கைத் தூக்கினாள். யோங்நான் மத்தியானச் சாப்பாட்டில் கானாங்கெளுத்தியும் டோஃபுவும் அவித்த முட்டையுமாகத் தின்றாள். "அதோ பாரு, பந்தயக் காளைக்குத் தீனி" என்று மற்றவர்கள் சிரித்தார்கள். சுன்தோக் தன் தட்டிலிருந்த மீன் துண்டையும் எடுத்து அவள் சோற்றின் மேல் வைத்தாள். "நான் தூக்கிக் குடுத்த சதை. எனக்கும் அதுல பங்கு இருக்கு" என்றாள்.

முதல் சில வாரம் எடை ஏறியது, ஆள் மாறவில்லை. உடம்பு முதலில் இருக்கிற சதையைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளும், புதிதாகக் கட்டுவது பிறகுதான் என்றாள் தாசோல். வசந்த காலத்தில் வேலைக் கால்சட்டை தொடையில் பிடித்தது, இடுப்பில் நழுவியது. எடைக் கருவி மட்டும் அதே எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது.

6.

கதை இங்கே உடைந்துபோகப் பார்த்தது.

சதை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்கிற கருவி இப்போது எல்லாக் கூடத்திலும் இருக்கிறது. வெறுங்காலோடு ஏறி நிற்க வேண்டும். அளவெடுக்கப் போகிறார்கள், அழுக்குக் காலோடு நிற்பதா என்று யோங்நான் அதற்குச் சற்று முன்னால் சுன்தோக்கோடு பொதுக் குளியல் கூடத்துக்குப் போனாள். நன்றாக ஊறி, தேய்த்து, ஆவி அறையில் கிடந்து, தக்காளி மாதிரி சிவந்து நேராக மாடி ஏறினாள்.

கருவி சொன்னது: சதை குறைந்திருக்கிறது.

யோங்நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். மறுநாள் முள்ளங்கிப் பக்கம் போகாமல் பெட்டியைத் தூக்கினாள். சுன்தோக் விசாரித்து விஷயத்தைக் கறந்தாள். வேலை முடிந்ததும் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, நீர்புகாக் காலணியோடு மூன்றாம் மாடிக்கே வந்துவிட்டாள்.

"ஏம்மா, உன் மெஷின் திருடுது."

தாசோல் நூடுல்ஸை மறைத்தாள். "என்ன திருடுது?"

"இவ சதையை. நேத்து குளியல் கூடத்துல நாந்தான் இவளைத் தேய்ச்சு விட்டேன். போன வருஷம் தேய்ச்சப்போ கையில வந்தது வேற, இப்ப வந்தது வேற. தொடை கல்லு மாதிரி நிக்குது, துண்டு வழுக்குது. அதை உன் தகரப் பெட்டி இல்லைங்குதா?"

"எப்போ குளிச்சீங்க?"

"நேத்து மெஷின்ல ஏறுறதுக்கு முன்னாடிதான்" என்றாள் யோங்நான். "ஏன், குளிக்காம வரணுமா?"

தாசோல் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அந்தக் கருவி உடம்பில் இருக்கிற தண்ணீரை வைத்துத்தான் சதையை மதிப்பிடும். வியர்த்துக் கொட்டிவிட்டு வந்து ஏறினால் அதன் கணக்கே குழம்பிப்போகும். "வியாழக்கிழமை வேலைக்குப் போறதுக்கு முன்னாடி வாங்க. குளிக்காதீங்க."

"அழுக்கோடயா?"

"அழுக்கோட."

வியாழக்கிழமை சதை ஏறியிருந்தது, கொழுப்பு இறங்கியிருந்தது, மொத்த எடை அப்படியே இருந்தது. சுன்தோக் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "என் கை முன்னாடியே சொல்லுச்சு. இதுக்கு மின்சாரம் வேற."

7.

இனி முடிவு.

முடிவு ஒன்று: யோங்நான் தேறிவிட்டாள். கம்பத்தைச் சுற்றியபோது முழங்கால் மடங்கவில்லை, அவள் கண்ணீர் மல்க

[அவள் அழ மாட்டாள். மூட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் எங்கே என்று கேட்பாள்.]

முடிவு இரண்டு: முழுத் தூரமும் ஓடி முடித்தாள், ஆனால் இருபது வயசுப் பையன்கள் அவளைவிட வேகம். இடம் இல்லை. இது நடக்கக்கூடியது. அந்த வரிசையில் பட்டதாரிகள் நிற்கிறார்கள், இராணுவத்திலிருந்து வந்தவர்கள் நிற்கிறார்கள். அவர்களுக்கும் சோறு வேண்டும்.

முடிவு மூன்றை எழுதத் தொடங்கினேன். அதில் நான் மைதானத்து வேலிக்கு வெளியே நிற்கிறேன். உண்மையிலேயே நின்றேன். யோங்நான் குந்தினாள், இடுப்பைப் பின்னால் தள்ளி, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, மூட்டையைத் தோளில் ஏற்றி ஒரே மூச்சில் எழுந்தாள். போன வருடம் அவள் முதுகை வளைத்துத்தான் அதை எடுத்தாள். இந்த முறை தொடை எடுத்தது. பக்கத்தில் நின்ற பையன் திரும்பிப் பார்த்தான். விசில் ஒலித்தது. அவள் கிளம்பினாள். கம்பத்தைச் சுற்றினாள். முழங்கால் நின்றது. அதுவரை நான் பார்த்ததைச் சொல்கிறேன். வரிசையில் எத்தனையாவது, பெயர் வந்ததா என்பதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நல்லதாகவே போடுங்கள், அந்தத் தொடை அதைத் தாங்கும்.

என்னால் முடிக்க முடியாததற்குக் காரணம் வேறு. அன்று காலை சுன்தோக் மைதானத்துக்கு வரவில்லை. தொழிற்சாலையில் இரண்டு பேர் பெட்டியையும் தூக்கிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் இருவரும் பேசியதை நான் கேட்டேன்.

"தோத்தா திங்கட்கிழமையிலிருந்து உங்க பங்கை நான் தூக்கறேன்க்கா. நீங்க மூணாம் மாடிக்குப் பயிற்சிக்குப் போங்க."

"ஜெயிச்சா?"

யோங்நான் சுன்தோக்கின் முகத்தைப் பார்த்தாள். ஜெயித்தால் அவள் அந்தத் தொட்டிப் பக்கமே இருக்க மாட்டாள்.

"பார்த்தியா, முழிக்கிற" என்றாள் சுன்தோக். "ஜெயிச்சா அடுத்த வருஷம் எனக்கும் விண்ணப்பம் எழுதிக் குடு. வயசு இன்னும் தாண்டல. அந்த நூடுல்ஸ் பொண்ணு என்னையும் அம்மான்னு கூப்பிட்டா மட்டும் பல்லை ஒடைப்பேன்."

சுன்தோக் மாடி ஏறுகிற நாட்களுக்கு மறுநாள் அவள் பெட்டியை யார் தூக்குவார்கள் என்று இருவரும் பேசவில்லை. நானும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்க முடியும் என்று நம்புகிறேன். இப்போதைக்கு இது மட்டும் பாக்கி நிற்கிறது: சுன்தோக் தூக்கிய அத்தனை பெட்டிகளுக்கும் ஈடாக, யோங்நான் அவளுக்கு ஒரு வசந்த காலத்து ஓய்வு தர வேண்டும்.