வேரைத் தோண்டிப் பார்க்காத வெர்லின்

காலையில் காப்பிக்குக் கூடும் விவசாயிகள் பகடை உருட்டுவார்கள். தோற்றவர்தான் எல்லாருடைய காப்பிக்கும் காசு கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் அது வழக்கம். அன்று தோற்றவர் வெர்லின் டீடமன். அவர் முகம் தொங்கிக் கிடந்ததற்குக் காரணம் அதுவல்ல. முந்தைய மாலை அடித்த காற்றில் அவருடைய மக்காச்சோளம் பாதி வயல் சாய்ந்துவிட்டது.

பிடுங்கி வந்திருந்த ஒரு சோளத்தட்டையை மேசைமேல் போட்டார். அடியில் வேர் என்று சொல்ல நாலு குச்சிதான் மிச்சம்.

"சும்மா இழுத்தேன், கையோட வந்துருச்சு. வேர்ப்புழு அண்டாத விதைன்னு அந்த விதைக்காரி மார்லிஸ் குப்பைய வித்துட்டா!"

"அடப்பாவமே! அடுத்த வருஷத்துக்கு நானும் அவகிட்டதான் சொல்லி வச்சிருக்கேன்," என்றார் பக்கத்திலிருந்த ஆர்லோ. "இப்பவே வேணாம்னு சொல்லிடறேன்."

இவ்வளவுதான் ஐயா, ஒரு காப்பி ஆறுவதற்குள் ஒருத்தியின் பேர் கெட்டுப்போனது. "நல்லாப் பாத்தியா?" என்று கேட்க அந்த மேசையில் ஒரு வாய்கூட இல்லை. விதை விற்றுத்தான் மார்லிஸ் பிழைக்கிறாள். மதியத்துக்குள் ஆர்லோவோடு இன்னும் இரண்டு பேர் அவளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. மண்வெட்டியும் ஒரு வாளித் தண்ணீருமாக வெர்லின் வயலுக்கே வந்து நின்றாள்.

"ஊர்ல சொன்னத என் மூஞ்சிக்கு நேராச் சொல்லுங்க, வெர்லின்."

"சொல்றதென்ன, நீயே பாரு. மேடு பூராவும் படுத்துக் கெடக்கு."

"ஓடைப் பக்கம் மட்டும் எப்படி நிக்குது? அது வேற விதையா?"

"அதே விதைதான். அங்க ஈரம் இருக்கு."

அவள் ஓடைப் பக்கம் போய் ஒரு செடியைச் சுற்றித் தோண்டி எடுத்து, வாளியில் அலசினாள். வேர் கொத்தாக இருந்தது. புது வேர்களை விரலால் ஒதுக்கிக் காட்டினாள். உள்ளே பழைய வேர்கள் அடியோடு கடிக்கப்பட்டுக் கறுத்திருந்தன.

"இங்கயும் புழு தின்னுருக்கு. ஈரம் இருந்ததால புது வேர் விட்டுத் தப்பிச்சிருக்கு. மேட்டு மண்ணு காஞ்சு போச்சு, செடி என்ன பண்ணும்?"

"அப்ப உன் விதை புழுவக் கொல்லலதானே?" வெர்லின் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"கொல்லலதான். வருஷா வருஷம் அதே வயல்ல சோளமே போட்டா, எந்த விதையோட விஷமும் புழுவுக்குப் பழகிப்போயிரும். ஒரு வருஷம் சோயா மாத்திப் போட்டா, திங்க சோள வேரில்லாம புழு செத்துப்போகும்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்ன. ஆனா போன வருஷம் ஒண்ணும் ஆகலையே..."

"போன வருஷம் தோண்டிப் பாத்தீங்களா?"

வெர்லின் தோண்டவே இல்லை. போன கோடையில் மழை நன்றாகப் பெய்தது, பயிர் நிமிர்ந்து நின்றது, அவரும் காரில் இருந்தபடியே பார்த்துப் பூரித்துப் போனார். அப்போதும் மண்ணுக்குள் புழு தின்றுகொண்டுதான் இருந்திருக்கும். மழை அதை மூடி மறைத்திருக்கிறது. அவருக்கு வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சுரும்மா."

"இங்க சொல்லி என்ன பிரயோஜனம்? பழிய எங்க சொன்னீங்களோ, இதையும் அங்க போய்ச் சொல்லுங்க."

மறுநாள் காப்பி மேசையில் அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்ல நாக்கு கூசத்தான் செய்தது. ஆர்லோ சிரித்தார்.

"சரிய்யா, அப்ப நாங்க யாரத்தான் திட்டுறது?"

"என்னையத் திட்டு. பயிர் நல்லா நிக்கிறப்பவே வேரத் தோண்டிப் பாக்கணும். விழுந்தப்புறம் பழி போட ஆள் தேடக் கூடாது. உன் வயல்லயும் நாலு வருஷமா சோளம்தானே? போய்த் தோண்டிப் பாரு. அதுக்கு முன்னாடி மார்லிஸுக்குப் போன் போடு."

ஆர்லோவின் சிரிப்பு நின்றது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.