பக்கத்து இடம்

டீலியா இறந்து ஒன்பது மணி நேரம் ஆகியிருந்தது. அவள் மகள் அட்ராக்டா சமையலறையில் நின்று முட்டை சாண்ட்விச்சுகளின் ஓரங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். ஓரம் வெட்டாத சாண்ட்விச்சை அம்மா சாவு வீட்டில்கூடத் தொடமாட்டாள்.

வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஆனாலும் அமைதியாக இருந்தது. மூன்று மாதமாக இரவும் பகலும் கேட்ட இருமல் இல்லை. கீழ் அறையில் அம்மா நீல உடையில், விரல்களில் செபமாலை சுற்றியபடி படுத்திருந்தாள். முகத்தில் வலி இல்லை. காலையிலிருந்து அட்ராக்டா இரண்டு முறை போய் அதைச் சரிபார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"நீ ஒரு வாய் டீ குடி முதல்ல" என்றாள் பக்கத்துப் பண்ணை பிரைடி. "நிக்கிற நிலையைப் பாத்தா உன்னையும் சேத்துப் படுக்க வைக்கணும் போல."

அடக்கத்துக்கு ஏற்பாடு செய்யும் காஃப்ரி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"ரேடியோ மரண அறிவிப்புக்கு அஞ்சு மணிக்குள்ள சொல்லணும்மா. 'காலஞ்சென்ற மார்ட்டின் கெவனியின் மனைவி'. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் பூசை. அடக்கம் கோயில் கல்லறையில."

அவள் தலையாட்டினாள். எந்தக் குழி என்று அவர் கேட்கவில்லை. கெவனி வீட்டுக் கல்லறை கோயில் வாசலிலிருந்தே தெரியும். கல் விளிம்பு கட்டிய, இரண்டு பேருக்கான இடம். அப்பா மார்ட்டின் போய் நான்கு வருடம் ஆகிறது. பக்கத்து இடம் மனைவிக்கு. அதில் கேட்க என்ன இருக்கிறது?

ஆனால் அம்மா கேட்டிருந்தாள். மூன்று வாரத்துக்கு முன், அட்ராக்டா அவளுக்குத் தலை அலசிவிடும்போது, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "என்னை அங்க வைக்காத. சுவரோரம் எங்க அம்மா அப்பாகிட்ட வை."

"சரிம்மா."

"அவர்மேல கோவம் எதுவும் இல்ல. தனியா இருந்து பழகிடுச்சு."

"சரிம்மா."

"சரி சரின்னு சொல்லிட்டு நாலு பேர் முன்னாடி வாயைத் திறக்க மாட்ட. உன்னை எனக்குத் தெரியாதா?"

அம்மாவும் அப்பாவும் பேச்சை நிறுத்தியபோது அட்ராக்டாவுக்கு ஒன்பது வயது. ஏன் என்று அவளுக்குத் தெரியாது. அப்பா மேல் அறைக்குப் போனார், அம்மா கீழ் அறையில் தங்கினாள். நடுவில் சமையலறை. ஒரு மணிக்கு அம்மா சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுக் கோழிகளைப் பார்க்கப் போவாள். அப்பா வந்து சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைப்பார். சொல்ல வேண்டியதை எல்லாம் மகள் வழியாகச் சொன்னார்கள். அவள் நகரத்தில் வேலை கிடைத்துப் போன பிறகு நாய் வழியாகச் சொன்னார்கள். "கன்னுக்குட்டி வேலியைத் தாண்டிடுச்சுன்னு அவர்கிட்ட சொல்லு" என்று அம்மா நாயிடம் சொல்வாள். அப்பா எழுந்து போவார். அந்த நாய் செத்ததும் மறு வாரமே அப்பா வேறு நாய் வாங்கி வந்தார்.

பிரிந்திருப்பதற்கு அந்த ஊரில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. பிரைடியின் அக்கா புருஷன் இருபது வருடமாக லிவர்பூலில் இருந்தார். கடிதமும் இல்லை, பணமும் இல்லை. அவரை 'அவே' என்றார்கள், ஏதோ வேலையாக வெளியே போயிருப்பவரைப் போல. கல்யாணப் பூசையில் சாமியார் சொல்லும் 'அசண்டர்' என்ற சொல் ஒன்று இருந்தது. கடவுள் இணைத்ததை மனிதன் பிரிக்காதிருக்கட்டும் என்ற இடத்தில் வரும். கோயிலுக்கு வெளியே அதை யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை. 'அபார்ட்' என்பதும் பெரும்பாலும் 'தவிர' என்ற பொருளில்தான் வரும். அவனைத் தவிர எல்லாரும் பூசைக்கு வந்தாங்க என்பார்கள். 'செப்பரேட்டட்' என்பது டப்ளின்காரர்களுக்கும் வக்கீல்களுக்கும் உரியது. வருகிற வெள்ளிக்கிழமை, விவாகரத்தை அனுமதிக்கலாமா என்று நாடு முழுக்க வாக்கெடுப்பு. கோயில் வாசல் கம்பத்தில் இரண்டு கட்சிச் சுவரொட்டிகளும் தொங்கின. அதனால் 'செப்பரேட்டட்' என்ற சொல் நாள் முழுக்க ரேடியோவில் வந்தது. வரும்போதெல்லாம் அம்மா ரேடியோவை அணைத்தாள்.

அட்ராக்டா வேலை பார்த்த பால் ஆலையின் ஆய்வகத்தில் கொழுப்பு எடுத்த பாலுக்கும் அதே சொல்தான். அவள் தினமும் புட்டிகளின்மேல் அதை எழுதினாள். ஒரு நாளும் கை கூசியதில்லை. வீட்டில் நடந்ததற்கு மட்டும் அவளுக்குச் சொல் கிடைக்கவில்லை. ஒரே கூரை, ஒரே கெட்டில், ஒரே நாய்.

"பேட்சி எங்க?" என்று யாரோ கேட்டார்கள். பேட்சி அப்பாவின் தம்பி.

"அவரும் குழி வெட்ற ஹியூயியும் கல்லறைக்குப் போயிருக்காங்க" என்றாள் பிரைடி. "நாளைக்குத் திங்கட்கிழமையாச்சே. இன்னைக்கே ஒரு புல்கட்டியாவது புரட்டிப் போட்டாத்தான் நாளைக்குக் குழி தோண்ட முடியும்."

அட்ராக்டா கத்தியைக் கீழே வைத்தாள்.

திங்கட்கிழமை யாரும் புதுக் குழி தொடமாட்டார்கள். ஞாயிறு வெளிச்சம் இருக்கும்போதே வேரும் மண்ணுமாக ஒரு புல்கட்டியைப் புரட்டிவிட்டால் குற்றமில்லை. ஆனால் புரட்டிய இடத்தைச் சும்மா விடவும் முடியாது. விட்டால் அந்த இடம் அதே வீட்டில் இன்னொருவரைக் கேட்கும். அவள் அறிவியல் படித்தவள், இதையெல்லாம் நம்புவதில்லை. பேட்சி சித்தப்பா நம்பினார். ஹியூயி நம்பினான். அங்கே ஒரு முறை மண்வெட்டி இறங்கிவிட்டால் பிறகு அவர்களை நகர்த்த முடியாது.

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. நவம்பர் மாதம். இன்னும் ஒரு மணி நேரம்தான் வெளிச்சம்.

அவள் காரை நான்கு கார்கள் அடைத்து நின்றன. யாருடையவை என்று கேட்டால் எங்கே போகிறாய் என்று கேட்பார்கள். அம்மாவின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றாள் பிரைடி.

"சும்மா. கொஞ்சம் காத்து வாங்க."

பிரைடி அவளைப் பார்த்தாள். பூட்ஸைப் பார்த்தாள். "போயிட்டு வா. நான் பாத்துக்கறேன். அவசரப்படாத" என்றவள், உடனே, "இல்ல, கொஞ்சம் அவசரமாவே போ" என்றாள்.

வயல் வழியே போனால் பத்து நிமிடம். பூட்ஸ் ஒரு அளவு பெரிது. ஒவ்வொரு அடிக்கும் குதிகால் வெளியே வந்தது. பாதி தூரம் நடந்தாள், மீதி தூரம் ஓடினாள்.

இருவரும் கெவனி கல்லறையின் விளிம்புக் கல்லில் உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருந்தார்கள். மண்வெட்டி சுத்தமாக, ஈரமே இல்லாமல் சிலுவையில் சாய்ந்திருந்தது. விளிம்புக்குள் அவள் வாங்கிப் போட்ட வெள்ளைச் சரளை கலையாமல் இருந்தது.

அவளுக்கு மூச்சு வந்தது.

"வாம்மா" என்றார் பேட்சி. "வீட்ல கூட்டமா?"

"ஆமா சித்தப்பா."

"சாண்ட்விச் மிச்சம் இருக்கா, இல்ல ஃபிளின் பசங்க வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க."

"அப்ப இருக்காது" என்றான் ஹியூயி.

மழை வருமா என்று பேசினார்கள். வராது என்றார் பேட்சி. வரும் என்றான் ஹியூயி. பிறகு ஹியூயியின் பசுவுக்குக் கால் வீங்கியதைப் பற்றிப் பேசினார்கள். அட்ராக்டா கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றாள். இருவரும் வந்து வெகு நேரம் ஆகிவிட்டது என்பது காலடியில் கிடந்த சிகரெட் துண்டுகளில் தெரிந்தது. ஒரு புல்கட்டி புரட்ட ஒரு நிமிடம் போதும்.

சுவருக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது.

பேட்சி சிகரெட்டை அணைத்தார். எழுந்திருக்கவில்லை. "எப்படியும் இருட்றதுக்குள்ள ஒரு இடத்துல போட்டாகணும்" என்று சரளையைப் பார்த்துச் சொன்னார். "யாராச்சும் எங்கன்னு சொன்னா தேவலாம்."

அட்ராக்டா தொண்டையைச் செருமினாள்.

"சித்தப்பா."

"சொல்லும்மா."

"அம்மாவை இங்க வைக்க வேண்டாம். சுவரோரம், தாத்தா பாட்டிகிட்ட." அவள் குரல் அவளுக்கே மெல்லியதாகக் கேட்டது. கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்: "அம்மாவும் அப்பாவும் பிரிஞ்சுட்டாங்க. எனக்கு ஒன்பது வயசுலயே."

வானம் இடிந்து விழவில்லை. ஹியூயி எழுந்து பேன்ட்டின் பின்புறத்தைத் தட்டிக்கொண்டான்.

"அப்பாடா" என்றான். "உக்காந்து உக்காந்து மரத்துப்போச்சு. நீ வராமலே போயிடுவியோன்னு பயந்துட்டோம்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"நாய்கிட்ட பேசற வீடு ஊர்ல ஒண்ணுதான் இருந்துச்சு" என்றான் ஹியூயி. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் நடந்தான்.

"தெரிஞ்சும் ஏன் சித்தப்பா சும்மா உக்காந்திருந்தீங்க?"

"அவங்க பிரிஞ்ச கதை எங்க தரப்பு ஆள் வாயிலேருந்து வரக்கூடாதுன்னு உங்கப்பன் சொல்லிட்டான்." பேட்சி குனிந்து ஒரு கைப்பிடி சரளையை விலக்கினார். அடியில் கறுப்பு மண் தெரிந்தது. "எப்படியும் இங்க இடம் கிடையாதும்மா. உங்கப்பன் அடக்கத்தன்னைக்கு நீ உங்கம்மா முகத்தையே பாத்துக்கிட்டு நின்ன, குழியைப் பாக்கல."

"என்ன சித்தப்பா சொல்றீங்க?"

சுவரோரம் மண்வெட்டி இறங்கும் சத்தம் கேட்டது. ஒரே ஒரு முறை. ஹியூயி ஈரப் புல்கட்டியை வேர் மேலே தெரியும்படி திருப்பிப் போட்டான்.

பேட்சி விலக்கிய சரளையை மறுபடி உள்ளங்கையால் தள்ளிச் சமன் செய்தார்.

"அவனை ரெண்டு இடத்துக்கும் நடுவுல வச்சிருக்கோம். அவன்தான் கேட்டான். ரெண்டு பக்கமும் இடம் விடாதீங்க, விட்டா வேற வழியில்லைன்னு அவளைக் கொண்டாந்து எம்பக்கத்துல படுக்க வச்சிடுவாங்கன்னான்." அவர் எழுந்து முழங்காலைத் துடைத்துக்கொண்டார். "அவளா வரேன்னு சொன்னா மட்டும், என்னைக் கொஞ்சம் நகர்த்திக்கோங்கன்னான்."